முத்திரை விழாத புத்தகம்

ஏரல் கிளை நூலகத்தில் நான் நூலகராகச் சேர்ந்து நான்கு வருடம் கழித்து அந்த உத்தரவு வந்தது. புதுப் புத்தகங்கள் வரப்போகின்றன, இடம் பண்ணுங்கள், ஐந்து வருடமாக யாரும் எடுத்துப் போகாதவற்றைக் கழித்துவிடுங்கள் என்று. ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டுமே, ஒவ்வொன்றுக்கும் பெயர், எண், காரணம் எழுதிப் பட்டியலும் தர வேண்டும். மூன்று நாள் வாசகர்களுக்குக் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன்.

என் முறை எளிது. கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் தேதிச் சீட்டைப் பார்ப்பேன். புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போகிறவர்களுக்கு அதில்தான் முத்திரை குத்திக் கொடுப்போம். முத்திரை இருந்தால் அலமாரிக்கு, இல்லாவிட்டால் மூட்டைக்கு. தலைப்பை எழுதுவேனே தவிர, புத்தகத்தைப் புரட்ட மாட்டேன். புரட்டினால் இரக்கம் வந்துவிடும், அப்புறம் ஒன்றையும் கழிக்க முடியாது.

அந்த நூலகத்தில் எனக்கு ஒரே ஒரு உண்மையான வாசகி இருந்தார். அறுபதை ஒட்டிய அம்மா, கழுத்தில் ஜெபமாலை. கடற்கரை ஊரிலிருந்து மகன் வீட்டோடு வந்துவிட்டவர் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். மத்தியானம் இரண்டு மணிக்கு வந்து, மூலை அலமாரியில் இருக்கும் ஒரு தடிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மின்விசிறிக்குக் கீழே உட்காருவார். ஐந்து மணிக்கு அதே இடத்தில் வைத்துவிட்டுப் போவார். பழுப்பு அட்டை போட்டு மறுபடி கட்டிய புத்தகம், முதுகில் பெயர் கிடையாது. அவர் உறுப்பினரும் கிடையாது.

என் கணவர் போய் ஆறு வருடம், மகள் பெங்களூரில். நெல்லை வண்ணார்பேட்டையில் நான் தனியாகத்தான் இருக்கிறேன். காலையில் கண்டக்டரிடம் “ஏரல் ஒண்ணு” என்பேன். சில நாள் சாயங்காலம் வரை நான் பேசிய பேச்சு அதுவாகத்தான் இருக்கும். அதனால் அந்த அம்மா எதிரே உட்கார்ந்திருப்பதே எனக்குத் துணை. பேச ஆசையாக இருக்கும். ஆனால் இப்படி ஆழ்ந்து வாசிக்கிறவரைப் போய்த் தொந்தரவு செய்யலாமா? போதாக்குறைக்கு, ‘அமைதி காக்கவும்’ என்று பலகை எழுதி மாட்டியவளே நான்தான்.

நான்காம் நாள் திறந்தபோது அவர் வழக்கம்போல வந்தார். மூலை அலமாரிக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். என்ன வேண்டும் என்று கேட்டிருக்கலாம். கழித்ததைப் பற்றி யாராவது கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும், அதனால் பதிவேட்டில் குனிந்துகொண்டேன். நிமிர்ந்தபோது அவர் படியிறங்கிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இங்கேயே உட்கார்ந்து வாசிக்கிற புத்தகத்துக்கு முத்திரை ஏது? நான்கு வருடம் என் கண்ணெதிரே ஒருவர் கையில் இருந்ததை, யாரும் தொடாத புத்தகம் என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

நல்லவேளை, கழித்ததை ஏற்றிப்போகும் லாரி இன்னும் வரவில்லை. மூட்டைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தேன். எட்டாவது மூட்டையில் கிடைத்தது. நெற்பயிரில் வரும் நோய்களைப் பற்றிய புத்தகம். இதையா நான்கு வருடம் வாசித்தார் என்று திகைத்தாலும், பட்டியலில் அடித்துவிட்டுப் பழைய இடத்திலேயே வைத்தேன். ஒரு வாரம் போயிற்று. அவர் வரவில்லை. இரண்டு மணியானால் என் கண் தானாக வாசலுக்குப் போகும். சொல்ல என்ன இருக்கிறது, அழுகையே வந்தது.

பிறகு ஒருநாள் பல்வலி என்று அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு மூன்று மணிக்கே பஸ் நிலையத்துக்கு வந்தேன். அங்கே சிமெண்டு பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்தார். திருச்செந்தூர் வண்டி வந்து போயிற்று, இன்னொரு வண்டியும் போயிற்று, அவர் எதிலும் ஏறவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். புத்தகம் கிடைத்துவிட்டது, தப்பு என்னுடையதுதான், நாளைக்கு வாருங்கள் என்று சொன்னேன்.

அவர் கூச்சத்தோடு சிரித்தார். நூலகத்தில் இருப்பவள் என்பதால் நான் அவருக்கு டீச்சர்.

“அத நான் வாசிச்சதே இல்ல டீச்சர். எழுத்து ரொம்பப் பொடிசு. வெறுங்கையோட உக்காந்தா எந்திரிச்சுப் போகச் சொல்லிருவியளோன்னு எடுத்து வச்சிக்கிடுவேன்.”

மகனுக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலையாம். மத்தியானம் தொடங்கினால் சாயங்காலம் வரை மீட்டிங். இருப்பது ஒரே கூடம், தும்மினால்கூட அவனுக்குக் கோபம் வருமாம். அதனால்தான் கிளம்பிவிடுவாராம். சத்தம் போடக்கூடாத வீட்டிலிருந்து என் நூலகத்துக்கு வந்திருக்கிறார்.

இப்போது புத்தகமே வேண்டாம், சும்மா வந்து உட்காருங்கள் என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். குறை சொல்கிற குரலே இல்லை.

“இங்கன நாலு பேராவது ‘பஸ் போயிட்டா’ன்னு கேக்காவ டீச்சர். அங்கன நாலு வருசத்துல நீங்க ஒரு வார்த்த கேக்கலியே.”

நானும் உங்களோடு பேசத்தான் காத்திருந்தேன் என்று சொல்லியிருக்கலாம். என் பஸ் வந்தது. அதை விட்டுவிட்டு அங்கேயே இருந்திருக்கலாம். பழக்கத்தில் எழுந்து ஏறிவிட்டேன்.

ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்தேன். பையைத் தூக்கிக்கொண்டு வந்த ஒரு பெண் அவரிடம் குனிந்து ஏதோ விசாரித்தாள். அவர் கையை நீட்டி விவரம் சொல்லிவிட்டு, சற்று நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார். இரண்டு பேரும் பேசத் தொடங்கினார்கள். எனக்குப் பொறாமையாக இருந்தது.