அத்தை அழுத புத்தகம்

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, மூழ்க வேண்டிய ஒரு கப்பலை நான் மூழ்காமல் காப்பாற்றினேன். அதில் பெருமைப்பட எதுவும் இல்லை என்று மறுநாளே எனக்குப் புரியவைத்துவிட்டார்கள்.

அது யுத்த காலம். ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று மயிலாப்பூரில் பாதி வீடுகள் பூட்டிக்கிடந்தன. எங்கள் பள்ளிக்கூடத்தையும் மூடிவிட்டார்கள். அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை என்பதால் நாங்கள் ஊரைவிட்டுப் போக முடியவில்லை. சாந்தோமுக்குப் போகிற வழியில் இருந்த எங்கள் வீட்டில் அப்பா, அம்மா, நான், அப்பாவின் தங்கையான அத்தை என்று நாலு பேர் மட்டும் மிச்சம்.

அத்தையையாவது ஊர்ப்பக்கம் அனுப்பிவிடலாம் என்று அப்பா பார்த்தார். அவள் அசையவில்லை. மாமா ரங்கூனில் ஓர் அரிசி ஆலையில் குமாஸ்தா. உறவுக்காரர் கல்யாணம் ஒன்றுக்காக அத்தையை மட்டும் கப்பலேற்றி அனுப்பியிருந்தார். அவள் திரும்புவதற்குள் அங்கே குண்டு விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு கடிதம் இல்லை. வந்தால் இந்த விலாசத்துக்குத்தான் வரும் என்பது அத்தையின் கட்சி.

ரங்கூனை ஜப்பான்காரன் பிடித்துவிட்டான் என்று பத்திரிகையில் வந்த அன்று, அத்தை சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

“இப்ப என்ன ஆயிடுச்சுன்னு அழறே? அவர் நல்லாத்தான் இருப்பாரு. பொட்டும் பூவுமா இருக்கிறவ இப்படி வீட்டுல கண்ணைக் கசக்கினா நல்லதுக்கில்லே, சொல்லிட்டேன்.”

அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். அப்புறம் அவள் அழுது நான் பார்க்கவில்லை, அந்தப் புத்தகம் கையில் கிடைக்கும்வரை.

எதிர்வீட்டுத் தமிழ் வாத்தியார் ஊரைவிட்டுப் போகும்போது ஒரு தகரப் பெட்டி நிறையப் புத்தகங்களை எங்கள் வீட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தார். எல்லாம் இலக்கணம், உரை. அடியில் ஒரே ஒரு நாவல். அட்டையும் முதல் சில பக்கங்களும் இல்லாததால் அதன் பெயரோ, எழுதியவர் பெயரோ எங்களுக்குக் கடைசிவரை தெரியாது. அத்தை அதை இரண்டு நாள் தன்னிடம் வைத்திருந்தாள். மூன்றாம் நாள் மத்தியானம் என்னைக் கூப்பிட்டாள்.

“எனக்குக் கண்ணு எரியுதுடி. நீ உரக்கப் படி. அண்ணியும் கேக்கட்டும்.”

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. முறத்தில் அரிசியோடு வந்து உட்கார்ந்தாள். பின்கட்டு வாசற்படியில், நொச்சிக்குப்பத்திலிருந்து மீன் கொண்டுவரும் அம்மாள் மீனை ஆய்ந்துகொண்டிருந்தாள். பாதி வீடுகள் பூட்டியிருந்ததால் அவளுக்கும் அவசரமில்லை. அன்றிலிருந்து தினமும் இந்த மூன்று பேருக்கும் நான் கதை படித்தேன்.

நாகப்பட்டினத்து வியாபாரி ஒருவன் பினாங்குக்குக் கப்பலேறிப் போகிறான். வீட்டில் அவன் மனைவியை மாமியார் படுத்துகிற பாடு பத்து அத்தியாயம். அம்மா மூக்கை உறிஞ்சுவாள். மீன்கார அம்மாள் அழமாட்டாள், சண்டைக்குப் போவாள்.

“அந்தக் கெய்விய இங்க இஸ்த்துக்கினு வா பாப்பா. நான் கேக்கறேன் இன்னான்னு!”

அத்தை மட்டும் சுவரில் சாய்ந்திருப்பாள். கண்ணில் நீர் இறங்கிக்கொண்டே இருக்கும். இல்லாத ஒரு பெண்ணுக்காக இத்தனை அழுகையா என்று எனக்குச் சிரிப்பாகக்கூட இருந்தது.

ஒருநாள் ஆவல் தாங்காமல் அடுத்த அத்தியாயத்தை முன்கூட்டியே புரட்டிப் பார்த்தேன். வியாபாரி திரும்பி வருகிற கப்பல் புயலில் சிக்குகிறது, பாய்மரம் முறிகிறது, கப்பல் முழுகிப்போகிறது. மாமாவும் கடல் தாண்டித்தான் வர வேண்டும். இதை அத்தையிடம் எப்படிப் படிப்பது?

அன்று மத்தியானம் பாய்மரம் முறிகிறவரை படித்தேன். அதற்குமேல் கண் புத்தகத்தில் இருந்தது, கதை என்னுடையதாக இருந்தது. புயல் ஓய்ந்தது. கப்பல் மெல்ல மெல்ல நாகப்பட்டினம் வந்து சேர்ந்தது. வியாபாரி ஒரு பட்டுப்புடவையும் கூண்டில் ஒரு கிளியுமாக இறங்கினான்.

“அப்பாடா! மகராசி, குடுத்துவெச்சவ” என்றாள் அம்மா.

மீன்கார அம்மாள் கத்தியைக் கீழே வைத்தாள். “இன்னா பாப்பா இது? பாய்மரம் முறிஞ்ச கப்பலு எப்பிடிக் கரைக்கு வந்துச்சு? அந்தக் காத்துக்கு எங்கூட்டுக்காரரு கட்டுமரமே நிக்காதே.”

“சாமி காப்பாத்திடுச்சு.”

“புஸ்தகத்துல அப்பிடியா போட்டுக்கீது?”

“ஆமா” என்றேன். அவள் அத்தையை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி மீனை எடுத்துக்கொண்டாள்.

அத்தை எழுந்து கிணற்றடிக்குப் போனாள். தவலை நிரம்பியிருந்தும் இன்னும் நாலு வாளி இறைத்து ஊற்றினாள். தண்ணீர் வழிந்து ஓடியது. அவள் கண் அன்று காய்ந்தே இருந்தது. நான் சாதித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் மற்றவர்கள் வருவதற்கு முன்பே அத்தை புத்தகத்தை என் மடியில் வைத்தாள்.

“நேத்து நீ படிச்சது இதுல இல்லே.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“நான் மொதல்லயே முழுசும் படிச்சாச்சு.”

“கண்ணு எரியுதுன்னு சொன்னியே?”

அத்தை அந்தப் பக்கத்தைப் பிரித்து வைத்தாள். “இன்னிக்கு உள்ளது உள்ளபடி படி” என்றாள்.

“நீ அழுவியே, அத்தே.”

“அழறதுக்குத்தான்டி படிக்கச் சொல்றேன்.”

இதென்ன பைத்தியம் என்று நினைத்தபடி படித்தேன். நேற்று தப்பாகப் படித்துவிட்டேன் என்று அம்மாவிடமும் மீன்கார அம்மாளிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, கப்பலை மூழ்கடித்தேன். பிழைத்து வந்த மாலுமி ஒருவன் வியாபாரியின் மோதிரத்தைக் கொண்டுவந்து அந்தப் பெண்ணின் கையில் கொடுக்கிற இடம் வந்தபோது, அத்தையிடமிருந்து ஒரு சத்தம் எழுந்தது. அப்படி ஒரு சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. வாயில் முந்தானையை வைத்துக்கொள்ளவில்லை. தரையில் கையை ஊன்றிக்கொண்டு, உடம்பெல்லாம் குலுங்க அழுதாள். அம்மா முறத்தைத் தள்ளிவிட்டு அவளைக் கட்டிக்கொண்டாள். என்றுமே வாசற்படி தாண்டாத மீன்கார அம்மாள் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்து அத்தையின் முதுகைத் தடவினாள்.

“அயுவும்மா. நல்லா அயுவு. கதைக்குத்தானே அயுவுற, யாரு இன்னா சொல்லப்போறாங்க?”

அந்த நேரத்தில்தான் அப்பா வந்தார். எப்போதும் ஆறு மணிக்கு வருகிறவர் அன்று சீக்கிரம் வந்துவிட்டார். குடையைக்கூட மடக்காமல் ரேழியில் நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை.

“என்ன? தந்தி ஏதாவது…?”

“ஒண்ணுமில்லீங்க” என்றாள் அம்மா. “கதை. கதையில ஒருத்தர் போயிட்டாரு.”

அப்பா கத்தப்போகிறார் என்று நான் புத்தகத்தைப் பின்னால் மறைத்தேன். அவர் அத்தையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வந்த வழியே தெருவுக்குப் போய்விட்டார். அழுகை ஓய்ந்து, அத்தை முகம் கழுவி, காபி போட்ட பிறகுதான் திரும்பி வந்தார்.

அதற்கப்புறம் நாலைந்து நாளுக்கு ஒருமுறை அத்தை அதே அத்தியாயத்தைக் கேட்பாள். எனக்கு அது மனப்பாடமாகிவிட்டது. மாமாவிடமிருந்து கடிதம் வரவே இல்லை. ரங்கூனிலிருந்து நடந்தே வந்து சேர்ந்தவர்களை அப்பா தேடித் தேடி விசாரித்தார். மாமாவைப் பார்த்ததாக ஒருவரும் சொல்லவில்லை.

பயம் தணிந்து பள்ளிக்கூடம் திறந்தபோது வாத்தியாரும் திரும்பி வந்தார். அன்று காலை அப்பா தகரப் பெட்டியைத் திறந்து, அத்தை திருப்பி வைத்திருந்த நாவலை எடுத்து அவளிடமே கொடுத்தார். அவள் அதைத் தன் புடவைகளுக்கு அடியில் வைத்தாள். பிறகு அப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன்.

வாத்தியார் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். “அட்டை போன நாவல் ஒண்ணு இருந்ததே?”

“அது ஒண்ணை மட்டும் கரையான் அரிச்சுடுச்சுங்க. மன்னிக்கணும்” என்றார் அப்பா.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பக்கத்து வீட்டு முருங்கைக்காய் எங்கள் பக்கம் விழுந்தால்கூட எடுத்துக்கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருகிற மனிதர் அவர். வெளியே வந்ததும், “ஏம்பா பொய் சொன்னே?” என்று கேட்டேன். அவர் என் கையைப் பிடித்துத் தெருவைக் கடந்தார்.

நான் நேரே அம்மாவிடம் ஓடி, “அப்பாவுக்கும் கதைப் பைத்தியம் பிடிச்சிடுச்சு” என்று புகார் சொன்னேன்.