ரமணி கரைத்த பூச்சு

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் புடவைக் கடைகளுக்கு மேலே, மூன்றாவது மாடியில், ஜெயராஜின் ரிப்பேர் கடை. லிப்ட், பம்ப், ஏர்கான் என்று எதனுடைய சர்க்கிட் போர்டு பழுதானாலும் அங்கே வரும். அதில் ரமணிக்கு ஒரே வேலை. போர்டில் ஈரம் ஏறாமலிருக்கப் பூசியிருக்கும் கண்ணாடி மாதிரியான மெல்லிய பூச்சைக் கரைத்து எடுப்பாள். பழுது பார்த்தபின் மறுபடி பூசுவாள். தின்னரில் நனைத்த பஞ்சுக்குச்சியால் ஒத்தி ஒத்தித்தான் எடுப்பாளே தவிர, ஒருநாளும் சுரண்டியதில்லை. நாற்பத்தேழு வயதாகியும் கையில் துளி நடுக்கம் கிடையாது.

அந்தக் கையைத்தான் அழுக்குக் கை என்றான் கமலநாதன்.

அப்போது அவள் தெலுக் பங்லிமா காராங்கில் லிப்ட் போர்டு செய்யும் ஒரு தொழிற்சாலையில் இருந்தாள். பதினோரு வருட சர்வீஸ். கமலநாதன் அவளைவிட எட்டு வயது இளையவன், ஆனால் லைன் லீடர். சோல்டரிங் முடிந்த போர்டைக் கழுவிக் காயவைத்துத்தான் பூச வேண்டும். கழுவாமல் பூசினால் சோல்டரிங் பசை உள்ளேயே அடைபட்டு, வெள்ளைப் பொடியாகப் பூத்து, செம்பை அரித்துவிடும். இது தெரிந்தும், டார்கெட் எட்டவில்லை என்று கழுவும் மிஷினையே நிறுத்தி வைத்தான் அந்த மகராசன். பதிவேட்டில் மட்டும் ‘கழுவியாச்சு’ என்று தவறாமல் எழுதினான்.

போர்டுகள் பழுதாகித் திரும்பி வந்தன. காலை பிரீஃபிங்கில், அறுபது பேர் முன்னால், ரமணி கையுறை போடாமல் வியர்வைக் கையால் தொட்டதுதான் காரணம் என்று கூசாமல் சொன்னான். மிஷின் ஓடவே இல்லை என்று அவள் கத்தியதை யாரும் காதில் வாங்கவில்லை. அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பினார்கள். பதினோரு வருடம் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட வாணிகூட, கிள்ளான் பாசாரில் அவளைப் பார்த்ததும் மீன் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டாள். வேலை போனதைவிட ரமணிக்கு வயிறெரிந்தது அதற்குத்தான்.

இரண்டு வருடம் ஓடியது. போன மாதம் ஒரு திங்கட்கிழமை, பெட்டியோடு மாடியேறி வந்தவன் சாட்சாத் கமலநாதனேதான்.

“ரமணிக்கா... நீங்க இங்கயா இருக்கீங்க?”

“இருக்கேன் தம்பி. என்ன கொண்டாந்தீங்க?”

“திரும்பி வந்த போர்டு முப்பது, அக்கா. கோட்டிங்க எடுத்து, கிளீன் பண்ணி, திரும்ப அடிச்சிக் குடுங்க. ரிப்போர்ட்லாம் வேணாம்லா.”

எந்த போர்டானாலும் கரைப்பதற்கு முன்னும் பின்னும் படமெடுத்து, சொந்தக்கார கம்பெனியின் மேனேஜருக்கு அனுப்புவது ஜெயராஜ் கடையின் வழக்கம். அது இவனுக்கு ஏன் வேண்டாம்? ரமணி வழக்கம்போலப் படமெடுத்துவிட்டு முதல் போர்டின் பூச்சைக் கரைத்தாள். சிப்பைக் கழற்றினால், அதன் வயிற்றுக்கு அடியில், எவர் விரலும் நுழைய முடியாத இடத்தில், வெள்ளைப் பொடி. போர்டில் அச்சடித்திருந்த தேதியைப் பார்த்தாள். அவளைத் துரத்தி ஒரு வருடம் கழித்துச் செய்தது. போர்டை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“இதுல என் கை எங்க தம்பி இருக்கு?”

கமலநாதனுக்கு வேர்த்துக் கொட்டியது. “தப்புதான்கா. மேனேஜருக்குத் தெரிஞ்சா என் வேலை போய்டும். ரெண்டு பிள்ளைங்கக்கா.”

“எனக்கு மூணு.”

“என்ன செய்யணும், சொல்லுங்க. செய்றேன்.”

“புதன்கிழமை காலைல போர்ட நானே கொண்டாறேன். அதே பிரீஃபிங்ல, அதே ஆளுங்க முன்னால உண்மையச் சொல்லு. மத்தத அப்புறம் பாக்கலாம்.”

மேனேஜர் ஒன்பது மணிக்குத்தான் வருவார், பிரீஃபிங் ஏழரைக்கே முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டுத் தலையாட்டினான்.

முப்பது போர்டையும் ரமணி பளபளவென்று முடித்தாள். யார் மேல் கோபம் இருந்தாலும் அதை வேலையில் காட்டுகிறவள் அல்ல அவள்.

புதன்கிழமை பெட்டியோடு முன்வரிசையில் போய் நின்றாள். கமலநாதன் சட்டைப் பொத்தானைப் பார்த்து முணுமுணுத்தான்.

“சத்தமா சொல்லு தம்பி. பின்னால நிக்கிறவங்களுக்குக் கேக்கல.”

“ரமணிக்கா மேல தப்பில்ல. கழுவ வேணாம்னு மிஷின நிறுத்துனது நான்தான்.”

வாணி வாயைப் பொத்திக்கொண்டாள். ரமணிக்கு இனித்தது. அதைச் சொல்ல அவளுக்கு வெட்கமே இல்லை, அப்படி இனித்தது.

கேட் வரைக்கும் பின்னாலேயே ஓடிவந்தான். “சொல்லிட்டேன்லக்கா. அந்தப் படத்தையெல்லாம் அழிச்சிடுங்க.”

“நீ சொன்னது எனக்கு. படம் உன் மேனேஜருக்கு. நேத்து சாயந்திரமே அனுப்பியாச்சி.”

அவன் முகம் செத்துப்போனதை நின்று நிதானமாகப் பார்த்துவிட்டுத்தான் அவள் பஸ் ஏறினாள்.