பட்டாணிப் பாத்தியில் ஓர் ஆன்டெனா

எங்கள் மெய்ன் மாநிலத்து ஆற்றோரச் சாலையில், நோர்மன் சிரோவாவைப் போல் யோசித்துப் பொருள் வாங்குபவர் வேறெவரும் இலர். காகித ஆலையில் முப்பத்தெட்டு ஆண்டுகள் அளவு பார்த்தவர். 2009ஆம் ஆண்டு ஜூன் பன்னிரண்டுடன் பழைய தொலைக்காட்சி ஒளிபரப்பு நின்று எல்லாம் டிஜிட்டலாகிவிடும் என்று அரசு அறிவித்தபோது, மூன்று டிஜிட்டல் பெட்டிகளை ஒப்பிட்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். கூரையிலிருந்த நீளக் கம்பி ஆன்டெனாவை இறக்கிவிட்டு, குட்டைக் கம்பிகள் கொண்ட புதியதை ஏற்றினார். பதினொன்றாம் சேனல் கண்ணாடிபோல் தெரிந்தது. அண்டை வீட்டாரும் அவரைக் கேட்டு அதையே வாங்கினர். பழைய ஆன்டெனாவின் கம்பிகளை அறுத்துப் பட்டாணிக் கொடிகளுக்கு ஊன்றினார்.

இத்தனையும் அவருடைய மனைவி ரோலாந்துக்காக. ஆக்ஸிஜன் குழாயுடன் இரண்டாண்டுகளாகக் கட்டிலில் இருப்பவர். அவருடைய அண்ணன் ரொமேயோ பாதிரியார் ஜூன் பதினான்காம் நாள், ஞாயிற்றுக்கிழமை, ஓய்வுபெறுவதற்கு முன் தம் கடைசிப் பூசையை நிறைவேற்றவிருந்தார். பதினொன்றாம் சேனல் அதை நேரடியாக ஒளிபரப்பும். "நீ கட்டில்ல இருந்தே பாக்கலாம்," என்று நோர்மன் வாக்களித்திருந்தார்.

சனிக்கிழமை காலையில் அந்தச் சேனல் மட்டும் இல்லை. மீண்டும் மீண்டும் தேட வைத்தும் பெட்டி, 'சிக்னல் இல்லை' என்றே காட்டியது. உதவி எண்ணில் ஒரு பெண் பேசினார்.

"இதுவரைக்கும் டிஜிட்டலைத் தற்காலிகமா வேற அலைவரிசையில அனுப்பினாங்க சார். நேத்தோட அவங்க பழைய அலைவரிசைக்கே திரும்பிட்டாங்க. உங்க ஆன்டெனாக் கம்பி எவ்வளவு நீளம் இருக்கும்?"

"ஒரு சாண்."

"அது பத்தாது. பழைய பெரிய ஆன்டெனா இருந்தா மாட்டுங்க, போதும்."

நோர்மன் சன்னல் வழியே பட்டாணிப் பாத்தியைப் பார்த்தார். அறுபது மைல் தொலைவிலிருந்த கடைக்குத் தொலைபேசியில் பேசினார். இருந்த பெரிய ஆன்டெனாக்கள் தீர்ந்துவிட்டன, இனிப் புதன்கிழமைதான் வருமாம்.

மாலையில் பக்கத்து வீட்டு அல்சீத் வேலியருகே வந்தார். "யோவ் நோர்மன், உன் பேச்சைக் கேட்டு தெருவே குருடாப் போச்சு! அறுத்ததுதான் அறுத்த, ஒரு முழுக் கம்பியாவது விட்டு வெச்சியா?"

"இல்ல," என்றார் நோர்மன். அல்சீத் அதற்கு மேல் கேலி செய்யவில்லை. இருவரும் கொடிகளைப் பிரித்து, துண்டுகளைச் செப்புக் கம்பியால் கட்டிக் கூரையில் ஏற்றினர். ஒன்றும் வரவில்லை.

"முன்னெல்லாம் படத்துல பனி கொட்டும். அப்பவும் ஆள் நிழலாவது தெரியும்," என்றார் ரோலாந்து. "இதுல அதுவும் இல்லையா?"

"இதுல வந்தா முழுசா வரும். இல்லன்னா ஒண்ணுமே வராது."

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு நோர்மன் தொலைக்காட்சியை அணைக்கப் போனார்.

"அணைக்காத. அண்ணன் ஆரம்பிச்சிருப்பான்."

நீலத் திரையைப் பார்த்தபடியே ரோலாந்து சிலுவைக் குறி இட்டார். அண்ணன் எந்த மன்றாட்டில் இருப்பார் என்று தாமே கணித்து, மூச்சு வாங்கும் இடங்களில் நிறுத்தி, மக்கள் சொல்லும் மறுமொழிகளை மெல்லச் சொன்னார். நோர்மனுக்கும் அவை மனப்பாடம். தொலையியக்கியைக் கையில் பிடித்தபடி நாற்காலி விளிம்பில் அமர்ந்திருந்தார்.

பத்தடிக்க ஐந்து நிமிடம் இருக்கையில் ரோலாந்து தலையணையில் சாய்ந்தார்.

"இப்ப முடிஞ்சிருக்கும். அணைச்சிடு."