பிரபஞ்சத்தில் காணாமல் போன முக்கால்

வெளிநாட்டு ஆய்வுக் குழு ஒன்று தப்பு செய்துவிட்டது என்று அறிவிக்கும் கடிதம், பகல் இரண்டு மணிக்கு அடையாறில் எங்கள் ஆய்வு நிறுவனத்தின் தபால் பிரிவுக்குப் போய்விட்டது. நாலு மணிக்குக் கூரியர். கடிதத்தில் என் வழிகாட்டிப் பேராசிரியரின் கையெழுத்து, அதற்குக் கீழே என்னுடையது. தொண்ணூறுகளின் நடுவில், பிஎச்.டி. மூன்றாம் வருஷத்தில் எனக்கிருந்த திமிர் கொஞ்சநஞ்சமல்ல.

விஷயம் இதுதான். பிரபஞ்சத்தின் ஆரம்பத்தில் ஒளியும் சாதாரணப் பொருளும் ஒன்றாகக் கலந்து கொதித்தன. அதன் தடயம் இன்றும் வானம் முழுக்க மெல்லிய சூடாக இருக்கிறது. அந்தச் சூட்டின் ஏற்ற இறக்கத்தைக் கணக்குப் போட்டால் வரைபடத்தில் மேடுகள் வரும். அவர்களுடைய முதல் மேடு உயரம், என்னுடையது குட்டை. கம்ப்யூட்டரில் என் புரோகிராமை ஆறு தடவை ஓட்டினேன், ஆறு தடவையும் குட்டை. அப்புறம் என்ன, அவர்கள்தான் தப்பு!

கம்ப்யூட்டர் அறையைப் பார்த்துக்கொண்ட காதர் பாய்க்குப் பிரபஞ்சம் தெரியாது, நான் புரோகிராம் எழுதிய ஃபோர்ட்ரான் மொழி தெரியும். பெருமை தாங்காமல் அவரிடம் சொல்லிவிட்டேன்.

"ஆறு வாட்டி ஓட்னா அதே தப்பு ஆறு வாட்டி வரும். நடுவுல வர்ற நம்பருங்கள பிரின்ட் போட்டுப் பாத்தியாம்மா?"

"கடைசி விடைதானே பாய் முக்கியம்?"

"அட போம்மா! எல்லாத்தையும் போடு, பாக்கலாம்."

வேண்டாவெறுப்பாகப் போட்டேன். பாய் ஒரு வரிசையில் விரலை வைத்தார்.

"இது இன்னா, மேலருந்து கீழ வரைக்கும் பூஜ்யமாவே கீது?"

ஒளியோடு ஒப்பிட்டால் பொருளுக்கு எவ்வளவு கனம் என்று சொல்லும் எண் அது. பூஜ்யமாக இருக்கவே முடியாது. புரோகிராமில் அதைக் கணக்கிடும் வரியைத் தேடிப் பிடித்தேன். முக்காலால் பெருக்க 3/4 என்று எழுதியிருந்தேன். 3.0/4.0 என்று புள்ளி வைக்காமல் முழு எண்களை வகுத்தால் ஃபோர்ட்ரான் பின்னத்தை வெட்டி எறிந்துவிடும். முக்கால் பூஜ்யமாகி, பிரபஞ்சத்திலுள்ள பொருளுக்கெல்லாம் கனமே இல்லாமல் போயிருந்தது.

மணி மூன்றரை. தபால் பிரிவுக்கு ஓடினேன். "சார் சொன்னாத்தான் கவரத் திருப்பிக் குடுப்பேன்" என்றார் அங்கிருந்த அம்மா. வேறு வழியில்லை, என் பேராசிரியரிடமே ஒப்புக்கொள்ள வேண்டும். படிப்பே போச்சு என்று நினைத்துக்கொண்டுதான் அவர் அறைக்குள் போனேன்.

அவர் அந்த வரியைப் பார்த்தார். போனை எடுத்து, "அந்தக் கவர நிறுத்தி வையுங்கோ" என்றார். பிறகு மேஜையிலிருந்த, என் புரோகிராமைச் சரிபார்த்த தன் பிரதியைப் புரட்டி என் பக்கம் திருப்பினார். அதே 3/4-க்குப் பக்கத்தில் சிவப்பு மையில் டிக்.

"நானும் முக்கால்னு படிச்சுண்டு போயிருக்கேன், பாரு. அப்பாடா! அவாளுக்குத் தெரியறதுக்கு முன்னாடி நமக்குத் தெரிஞ்சுதே, பொழச்சோம்" என்று சிரித்தார். நான் அழுதேவிட்டேன்.

புள்ளி வைத்து மறுபடி ஓட்டினேன். மேடு உயர்ந்து, அவர்களுடைய கோட்டின் மேலேயே உட்கார்ந்தது. அடுத்தவர் சொன்னது சரி என்று தெரிந்து அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

அதனால் பிள்ளைகளே, உங்கள் கணக்கை அது தெரியாத ஒருவரிடமும் காட்டுங்கள். தெரிந்த நாங்கள் இரண்டு பேரும் அங்கே இருந்ததைப் படிக்கவில்லை, என்ன இருக்க வேண்டுமோ அதைத்தான் படித்திருந்தோம்.