யாரும் ஓட்டாத பத்து விநாடி

போன மாதம் ஒரு சாயங்காலம், நான் உட்கார்ந்திருந்த விமானத்தைப் பத்து விநாடிக்கு யாருமே ஓட்டவில்லை.

உள்ளே இரண்டு பேர் இருந்தோம். இருவருமே லைசென்ஸ் வைத்திருக்கும் பைலட்டுகள். யாருக்கும் மயக்கம் இல்லை, தூக்கம் இல்லை. மரியாதைதான் கொஞ்சம் அதிகமாகிவிட்டது.

இந்தப் பத்தியை விடாமல் படிப்பவர்களுக்குத் தெரியும் — துடியலூரில் பம்ப்செட்டுக்கு உதிரி பாகம் செய்கிற ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் நான், ஐம்பத்தோரு வயதில் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டேன். ‘இந்த வயசுல எதுக்குங்க இதெல்லாம்?’ என்று கடிதம் போட்ட அவிநாசி வாசகர் நலமாக இருப்பார் என்று நம்புகிறேன். என்னிடம் இருப்பது பிரைவேட் லைசென்ஸ். சின்ன விமானத்தைச் சொந்த ஆசைக்கு ஓட்டலாம். ஆனால் பகலில் மட்டும். இருட்டில் ஓட்டத் தனிப் பயிற்சி, தனி அனுமதி.

பகலில் ஓட்டுகிறவனுக்கு இருட்டில் என்ன பெரிய புதுசு? நானும் அப்படித்தான் கேட்டேன். பகலில் தென்னந்தோப்பு, மில் கூரை, ரோடு என்று எதையாவது பார்த்து, எவ்வளவு உயரத்தில் இருக்கிறோம் என்பதைக் கண் தானாகக் கண்டுபிடித்துவிடும். இருட்டில் தோப்பெல்லாம் வெறும் கறுப்பு. நடுவில் ஓடுதள விளக்குகள் மட்டும் இரண்டு வரிசையாகத் தெரியும். அதைப் பார்க்கையில் ரொம்ப உயரத்தில் இருப்பதாகத் தோன்றும். அதை நம்பி இறக்கினால்... தோப்புக்குள்தான் போய் இறங்க வேண்டும்.

அதனால்தான் ஓடுதளத்தின் ஓரத்தில் நாலு விளக்கு வைத்திருக்கிறார்கள். இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு தெரிந்தால் சரியான உயரம். சிவப்பு கூடினால் தாழ்ந்துகொண்டிருக்கிறோம். நாலும் சிவப்பென்றால் உடனே மேலே ஏற வேண்டும்.

எனக்குக் கற்றுக்கொடுப்பவர் ஜெனிபர். இருபத்தேழு வயது. வால்பாறை எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர், அப்பா அங்கே லாரி டிரைவர். என் மகளைவிட ஒரு வயது சின்னவர். ஆனாலும் நான் அவரை மேடம் என்பேன், அவர் என்னை சார் என்பார். “கொஞ்சம் தாழ்வா இருக்கறாப்ல இருக்குதுங்க சார், ஒருக்கா பாத்துக்கறீங்களா?” — அவருடைய அதிகபட்சக் கண்டிப்பே இவ்வளவுதான்.

பயிற்சி விமானத்தில் ஸ்டியரிங் இரண்டு பக்கமும் உண்டு. கை மாற்றும்போது வாய்விட்டுச் சொல்ல வேண்டும். விடுகிறவர் ‘யூ ஹேவ் கண்ட்ரோல்’ என்பார். வாங்குகிறவர் ‘ஐ ஹேவ் கண்ட்ரோல்’ என்று திருப்பிச் சொன்ன பிறகுதான் விடுகிறவர் கையை எடுக்கலாம். முதல் நாள் பாடம் இது. இருவருக்கும் மனப்பாடம்.

அன்றைக்கு ஆறு முறை இறங்கிக் காட்ட வேண்டும். ஆறும் சரியாக இருந்தால், அடுத்த முறை இருட்டில் தனியாக ஓட்ட ஜெனிபர் கையெழுத்துப் போடுவார். ஐந்து நன்றாக முடிந்தது. வீட்டுக்கு மைசூர்பா வாங்கிப் போவதா, ஜாங்கிரியா என்ற யோசனை வரைக்கும் வந்துவிட்டேன்.

ஆறாவது முறை. ஓடுதளத்துக்கு நேராகத் திரும்பியபோது ஜெனிபரின் கை ஸ்டியரிங் பக்கம் லேசாக நீண்டது. எதற்கும் தயாராக இருக்கலாமே என்றுதான். நானோ, இறக்கிக் காட்டப் போகிறார் என்று நினைத்துவிட்டேன். டீச்சர் கை நீட்டும்போது நான் பிடித்துக்கொண்டே இருந்தால் நன்றாகவா இருக்கும்? ‘நீங்க ஓட்டுங்க’ என்று அவரிடம் உத்தரவு மாதிரி சொல்வதற்கும் கூச்சம். சத்தமில்லாமல் கையை எடுத்துக்கொண்டேன்.

அதே நேரத்தில் அவருக்கு ஒரு எண்ணம். பெரியவர் ஓட்டும்போது கை வைத்தால் மனம் புண்படுமே! அவரும் கையை மடிக்கு இழுத்துக்கொண்டார்.

கல்யாணப் பந்தியில் ‘நீங்க உக்காருங்க’, ‘இல்லீங்க, நீங்க மொதல்ல’ என்று இருவரும் நின்றுகொண்டிருக்க, இலை காலியாகக் கிடக்குமே... அதேதான். ஆனால் அங்கே இலை கீழே விழாது.

இதில் கொடுமை என்னவென்றால், சரியாக அமைத்துவிட்ட விமானம் யாரும் பிடிக்காவிட்டாலும் கொஞ்ச நேரம் ஆடாமல் அசையாமல் இறங்கும். ‘மேடம் கைப்பக்குவமே தனி’ என்று நான் ரசித்துக்கொண்டிருந்தேன். ‘சார் இன்னைக்கு எவ்வளவு நல்லா ஓட்டறாரு’ என்று அவரும் ரசித்துக்கொண்டிருந்ததைப் பிறகு சொன்னார்.

மூன்று சிவப்பு ஆனது. நாலும் சிவப்பு ஆனது. ஏன் இன்னும் ஏற்றவில்லை என்று நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். மங்கலான வெளிச்சத்தில் நாலு கைகளும் மடியில் இருந்தன.

“ஐ ஹேவ் கண்ட்ரோல்!” ஜெனிபருக்கு அப்படி ஒரு குரல் உண்டென்று அன்றுதான் தெரிந்தது. எஞ்சின் உறுமியது, விமானம் மேலே ஏறியது. இன்னொரு சுற்று சுற்றி அவரே இறக்கினார்.

கீழே வந்ததும் நான் செய்த காரியத்தை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

“ஒண்ணும் ஆகலீங்களே மேடம். நமக்குள்ளயே இருக்கட்டும், உட்டுப்போடலாங்க.”

“இல்லீங்க சார். எழுதித்தான் ஆகோணும்.”

“உங்க பேரும்தானுங்க கெடும்?”

“கெட்டாக் கெடட்டுங்க. எங்க மலை ரோட்டுல மேல ஏறி வர்ற வண்டிக்குத்தான் மொதல்ல வழி. அங்க மரியாதை பாத்துட்டு நின்னா ரெண்டு வண்டியும் பள்ளத்துலதானுங்க சார்.”

ரிப்போர்ட்டில் தன் பெயரை முதலிலும் என் பெயரை இரண்டாவதும் எழுதினார். எனக்குக் கையெழுத்துப் போடவில்லை. மேலதிகாரி அவரை ஒரு வாரம் விமானத்தில் ஏறவிடாமல் உட்காரவைத்து, மறுபடி ஓட்டச் சொல்லிப் பார்த்த பிறகே விட்டார். எனக்கு இரண்டு நாள் அவர்மேல் கோபம் இருந்தது. மூன்றாவது நாள், அவர் நினைத்திருந்தால் சுலபமாகத் தலையாட்டியிருக்கலாம் என்பது உறைத்தது.

வீட்டிலும் இதே கதைதான். அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிற தேதி இரண்டு முறை தவறிப்போனது. தம்பி பார்த்துக்கொள்வான் என்று நான் இருந்தேன். அண்ணன் இருக்கும்போது நாம் முந்தக் கூடாது என்று அவன் இருந்தான். பாவம், அம்மா சேலை மாற்றிக்கொண்டு வாசலையே பார்த்து உட்கார்ந்திருந்தாராம்.

மறுபடி ஆறு முறை இறங்கிக் காட்டி, போன வியாழக்கிழமை கையெழுத்து வாங்கினேன். ஏழு மணிக்கு ஜெனிபர் விமானத்திலிருந்து இறங்கினார். “நாலு வெளக்க மட்டும் பாருங்க சார். உங்க கண்ணக்கூட நம்பாதீங்க” என்று கதவைச் சாத்தினார்.

பக்கத்து சீட் காலி. இருந்தாலும் அதைப் பார்த்து, “ஐ ஹேவ் கண்ட்ரோல்” என்று சத்தமாகச் சொன்னேன். ஒரே ஒரு சுற்று. இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு, கடைசிவரைக்கும். சக்கரம் தரையைத் தொட்டபோது சின்னப் பையன் மாதிரி சிரித்தேன்.

இறங்கியதும் மனைவிக்குப் போனில் விஷயத்தைச் சொல்லிவிட்டு, தம்பியைக் கூப்பிட்டேன். “அம்மாவ கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போற வேலை இனிமே என்கிட்ட.”

“சரிங்கண்ணா.”

“சரின்னாப் பத்தாது. திருப்பிச் சொல்லு.”

அண்ணனுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பான். “உங்ககிட்டத்தானுங்கண்ணா” என்றான். அதற்கப்புறம்தான் போனை வைத்தேன்.