வெர்னா தொங்கவிட்ட கவசம்

வெர்னா கோசிக் வளைத்த தகட்டில் யாரும் அளவுகோல் வைத்துப் பார்த்ததில்லை. பள்ளிப் பேருந்துக்கு உடல் கட்டும் பட்டறையில் இருபத்திரண்டு வருடம் அவள் தகடு வளைத்தாள். பக்கத்து இயந்திரத்தில் நான் துளை போட்டேன். வாய் கொஞ்சம் நீளம் அவளுக்கு. என் துளை நூலிழை தள்ளி விழுந்தால் போதும், கண்ணை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்துவிட்டாயா ருஸ்னாக் என்று பட்டறைக்கே கேட்கும்படி கேட்பாள். நானும் விடமாட்டேன். இப்படிச் சண்டை போட்டே சிநேகிதர்கள் ஆனோம்.

சனிக்கிழமைகளில் அவள் வீட்டுக் கராஜில் சண்டை ரோபோ கட்டினோம். முப்பது பவுண்டுக்கு மேல் போகக்கூடாத எடை வகுப்பு. பெயர் ‘ஸ்டெல்லா அத்தை’. யார் வந்து இடித்தாலும் இருந்த இடத்தைவிட்டு அசையாத அவளுடைய சொந்த அத்தையின் பெயர்தான் அது. உள்சட்டமும் வெளிக்கவசமும் வெர்னாவின் பொறுப்பு. மோட்டாரும், களத்துக்கு வெளியே நின்று ரிமோட்டில் ஓட்டுவதும் என்னுடையது.

அப்போதெல்லாம் எங்கள் வட்டாரத்தில் கவசத் தகட்டைச் சட்டத்தோடு சேர்த்து இறுக்கி போல்ட் போட்டுவிடுவோம். தகடு எவ்வளவு தடிமனோ அவ்வளவு பெருமை. எதிராளியின் சுழலும் ஆயுதம் வந்து அறைந்தால் தகடு பிழைத்துக்கொள்ளும், உள்ளே சட்டம் கோணிப்போய்ச் சக்கரம் சிக்கிக்கொள்ளும். இதைப் பார்த்துப் பார்த்து வெர்னாவுக்கு எரிச்சல். அடியைத் தகடு வாங்கட்டும், சட்டத்துக்கு ஏன் பங்கு கொடுக்கவேண்டும் என்றாள். முன்தகட்டை எட்டு ரப்பர் கட்டைகளில் தொங்கவிட்டாள். ஒவ்வொன்றும் எங்கே உட்காரவேண்டும், எவ்வளவு நசுங்கவேண்டும் என்று ஒரு குளிர்காலம் முழுக்கக் கணக்குப் போட்டாள். நான் அதைப் படுக்கை மெத்தை என்று கிண்டல் செய்தேன். மனசுக்குள் மட்டும் அசந்துபோயிருந்தேன்.

விஷயம் எப்படியோ பரவியது. டிவியில் வரும் போட்டிக்குப் பெரிய ரோபோ கட்டுகிற ஒஹையோ குழு ஒன்று, ஜான்ஸ்டவுன் போட்டிக்கு வந்து பார்ப்பதாக எழுதியது. அத்தை அங்கே தாக்குப்பிடித்தால் அவர்களுடைய அடுத்த ரோபோவின் சட்டத்தையும் கவசத்தையும் வரைகிற வேலை வெர்னாவுக்கு. ஆயுள் முழுக்க அடுத்தவர் வரைந்ததை வளைத்துக் கொடுத்தவள் அவள். அந்தக் கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே திரிந்தாள்.

போட்டி தீயணைப்புப் படைக் கூடத்தில். எடை போட்டால் மூன்று அவுன்ஸ் கூடுதல். கராஜில் இருந்த தராசு எங்களை ஏமாற்றிவிட்டது. எடையைச் சரிசெய்ய இருபது நிமிடம்தான் தந்தார்கள். வெர்னா வெளியே கார் நிறுத்துமிடத்தில், மீன் சாண்ட்விச்சைக் கையில் வைத்துக்கொண்டு, சாப்பிடக்கூட மறந்து ஒஹையோக்காரர்கள் இரண்டு பேரிடம் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததே இல்லை. குறுக்கே போய்க் கெடுப்பானேன் என்று நினைத்தேன். இதுகூட எனக்குத் தெரியாதா என்ற திமிரும் இருந்தது, அதை மறைக்க மாட்டேன். முன்பக்கம்தான் கைக்கு எட்டியது. எட்டு ரப்பரில் ஒன்றுவிட்டு ஒன்றாக நாலைப் போல்ட்டோடு கழற்றிப் பையில் போட்டேன். தராசு சரி என்றது, வெர்னாவிடம் நான் சொல்லவில்லை.

முதல் சண்டையே எங்கள் வட்டாரத்து லைல் டென்ச்சின் ரோபோவோடு. அவன் ஆயுதம் மூன்றாவது முறை அறைந்ததும் முன்தகடு ஒரு பக்கம் பிய்ந்து, மடங்கி உள்ளே போய்ச் சக்கரத்தைக் கவ்வியது. அத்தை ஒற்றைச் சக்கரத்தில் வட்டமடித்தாள். பத்து எண்ணினார்கள், கதை முடிந்தது.

எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. தோற்றவர் பிய்ந்த தகட்டில் மார்க்கர் பேனாவால் ஏன் தோற்றோம் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு ஜெயித்தவரிடம் கொடுக்கவேண்டும். அடுத்தவன் அந்தத் தப்பைச் செய்யாமல் இருப்பதற்காக. டென்ச் நல்லவன்தான், வருத்தத்தோடுதான் பேனாவை நீட்டினான்.

"மெத்தையெல்லாம் தூங்கறதுக்குத்தான் வெர்னா. இறுக்கிப் போல்ட்டப் போட்டிருக்கலாம்ல?"

ஒஹையோக்காரர்கள் இரண்டு பேரும் பக்கத்திலேயே நின்றார்கள். வெர்னா மடங்கிய தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சில இடங்களில் ரப்பர் இல்லையே என்று அவள் கேட்கவில்லை. உள்பக்கம் கந்தலாகிக் கிடந்தது, எது எங்கே போனதென்று யாருக்கும் தெரியாது. நான் பேனா மூடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருந்தேன்? அத்தனை பேர் முன்னால் சிரிப்பாய்ச் சிரித்துவிடுவார்களே என்ற பயம், வேறொன்றும் இல்லை. ‘ரப்பர் தாங்கவில்லை. வெர்னா கோசிக்’ என்று அவள் எழுதிக் கொடுத்தாள். ஒஹையோக்காரர்கள் மரியாதையாகக் கைகுலுக்கிவிட்டுப் போனார்கள். வேலை வேறொருவருக்குப் போனது.

அதற்கப்புறம் அவள் ரோபோ பக்கமே வரவில்லை. முதுகு வலி என்றாள், தோட்டத்தில் வேலை இருக்கிறது என்றாள். பட்டறையில் என் துளைகளைப் பற்றிப் பேசுவதைக்கூட விட்டுவிட்டாள். வெறும் ‘குட் மார்னிங்’ மட்டும். அந்த மௌனத்தோடு ஆறு வருடம் பக்கத்து இயந்திரத்தில் நின்றேன். தினமும் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று கிளம்புவேன், சொல்லாமலே திரும்புவேன். நான் எவ்வளவு பெரிய கோழை என்று அந்த ஆறு வருடத்தில்தான் எனக்கே தெரிந்தது.

போன வசந்தத்தில் டென்ச் தன் புது ரோபோவைக் காட்டினான். கவசம் ரப்பரில் தொங்கியது. இப்போ எல்லாரும் இப்படித்தான் செய்யறாங்க என்றான், ஏதோ மழையைப் பற்றிச் சொல்வதுபோல. அங்கிருந்து நேராக வெர்னா வீட்டுக்கு வண்டியை விட்டேன்.

அடுப்படியில் முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். உட்காராமலே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கத்துவாள், கத்தியை வீசுவாள் என்று எதிர்பார்த்தேன். வீசியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"எந்த நாலு?" என்றாள்.

"முன்னாடி. ஒண்ணுவிட்டு ஒண்ணு."

"பின்தகட்டையே கழட்டிப் போட்டிருக்கலாமே. நாம எப்பவாவது எதிராளிக்கு முதுகு காட்டியிருக்கோமா? வெளியதான நின்னேன் ருஸ்னாக். ஒரு எட்டு வந்து கேட்டிருக்கக் கூடாதா?"

மன்னித்துவிடு என்றேன். அது அவள் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஈரக் கையைத் துணியில் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"அன்னைக்கு வீட்டுக்கு வந்து அந்தக் கணக்க மறுபடியும் போட்டுப் பார்த்தேன். ஒரு மாசம் போட்டேன். எத்தன தடவ போட்டாலும் சரியாத்தான் வந்தது. தகடு கண்ணு முன்னாடி பிஞ்சு கெடக்கு, கணக்கு சரின்னு வருது. சரி, நமக்குக் கணக்கே தெரியல போலன்னு நெனச்சுக்கிட்டேன்."

என்னை வெளியே போகச் சொல்லவில்லை. உட்காரவும் சொல்லவில்லை.