வீட்டில் பெரியவர் அனுமதி தேவை

“ஹாரன்!”

மேல்வீட்டிலிருந்து இந்தச் சத்தம் வந்தால் யாரோ ஒருவருடைய ராஜாவுக்கு ஆபத்து என்று பொருள். ‘செக்’ என்று சொல்ல அவருக்கு வாய் வராது. காலமெல்லாம் நெடுந்தூரப் பேருந்து ஓட்டியவர், சதுரங்கத்தையும் ஓட்டத்தான் செய்கிறார். ராஜாவைக் கோட்டைக்குள் ஒதுக்கினால், “வண்டிய ஷெட்டுல விட்டாச்சு.” சிப்பாய் பறிபோனால், “கண்ணாடிதான் உடைஞ்சுது, வண்டி ஓடும்.” குதிரை மட்டும் அவருக்கு ஆகாது. “நேரா வர்றவன நம்பலாம். வளைஞ்சு வர்றவன எப்படிங்க நம்புறது?” என்பார். எங்கள் குடியிருப்பில் பிள்ளைகள் அவரை டிரைவர் தாத்தா என்பார்கள். நான் அண்ணே என்பேன். என் தலையும் நரைத்துவிட்டதால் அது எனக்குப் பொருந்தும்.

போனை அவர் இரண்டு கையாலும் பிடிப்பார். காயை நகர்த்துவதற்கு முன்னால் இடப்பக்கம் ஒரு பார்வை, வலப்பக்கம் ஒரு பார்வை. அங்கே கண்ணாடி ஒன்றும் இல்லை. பழக்கம் விடவில்லை, அவ்வளவுதான். தொடுவது சுண்டுவிரலால். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கியர் பிடித்துக் காய்த்துப்போனவை. அந்த விரல்கள் தொட்டால் போனுக்கு உறைப்பதில்லை. “இதுக்கு மிருதுவா இருந்தாத்தான் புடிக்குது, மாப்பிள்ளை மாதிரி” என்று சுண்டுவிரலை நீட்டிக் காட்டுவார். செய்தி அனுப்புவதானால் எழுதுவது கிடையாது. போனை வாயருகே வைத்துக்கொண்டு, பேருந்தின் கடைசி வரிசைக்கும் கேட்கிற குரலில் சொல்லுவார். போன் பயந்துபோய் எழுதிக்கொள்ளும்.

இவருக்குச் சதுரங்கம் வந்தது ஓய்வு பெற்ற பிறகு. கூட்டாளிகள் இரண்டு பேர். ஒருவர் தையல்காரர், இவருடைய காக்கிச் சட்டைகளை முதல் சட்டையிலிருந்து கடைசிச் சட்டை வரை தைத்தவர். இன்னொருவர் ஓய்வு பெற்ற நர்ஸ் அம்மா. மாலையில் குடியிருப்பின் பொது அறையில் மூன்று பேரும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு போனைப் பார்த்துக்கொண்டு ஆடுவார்கள். எதிரே ஆள் இருக்கும்போது போன் எதற்கு என்று எனக்கு முதலில் சிரிப்பாக இருந்தது. பிறகு தெரிந்தது. தையல்காரருக்குக் கைநடுக்கம். பலகையில் ஆடினால் ஒரு காயைத் தொடுவதற்குள் மூன்று காய் உருண்டுவிடும். ஊசியில் நூல் கோத்த கை அப்படி உருட்டுவதை அவரால் தாங்க முடியவில்லை. போனில் காய் விழாது. அதற்காக மூவரும் போனுக்கு மாறினார்கள். அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

பிறகு தையல்காரர் மகள் வீட்டோடு இருக்க வேற்றூர் போனார். ஆட்டம் நிற்கவில்லை. மேசையில் ஃபிளாஸ்க்கில் சாய்த்து வைத்த போனுக்குள்ளிருந்து அவர் முகம் தெரியும். நர்ஸ் அம்மா தோற்றால் அவர் காதுபடவே திட்டுவார். அவர் அங்கிருந்து சிரிப்பார். மாலை நாலு மணி என்றால் அது அவர்களுக்கு மட்டும். டிரைவர் அண்ணனின் மனைவிகூட அந்த நேரத்தில் அவரைக் கூப்பிட மாட்டார். அவருக்கும் வேலை இருக்கிறது. காதில் கருவியை மாட்டிக்கொண்டு கதை கேட்டபடி துணி மடிப்பார். கதையை இரட்டை வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கிற ஒரே மனுஷி எனக்குத் தெரிந்து அவர்தான். “படிக்கறவன் சவ்வா இழுக்கறான். எனக்கு அடுப்புல வேலை கெடக்கு” என்பார். அவரை அண்ணன் ராணி என்றுதான் கூப்பிடுவார். அது அவர் பெயரல்ல. கல்யாணமான புதிதில் வைத்த பட்டம், ஒட்டிக்கொண்டுவிட்டது.

அந்தப் பட்டம்தான் வினையாயிற்று.

ஒருநாள் பகலில், தையல்காரருடன் ஆடிக்கொண்டிருந்த ஆட்டத்தில் அண்ணனுடைய ராணி வெட்டுப்பட்டது. மேற்கொண்டு ஆடிப் பயனில்லை. வழக்கம்போலப் போனை வாயருகே வைத்து நண்பர்களுக்குச் செய்தி சொன்னார். நண்பர்கள் குழுவும் குடும்பக் குழுவும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. சுண்டுவிரல் ஒரு வரி தவறிவிட்டது. அலுவலகத்தில் கூட்டத்திலிருந்த மகனும், வெளியூரிலிருக்கும் மகளும், மருமகளும், சம்பந்தி வீட்டாரும் படித்தது இது: “ராணி போயிட்டா. இனிமே இழுத்துக்கிட்டுக் கெடக்கறதுல அர்த்தமில்ல. முடிச்சுக்கறேன். எல்லாரும் நல்லா இருங்க.”

மகன் எனக்குப் போன் செய்தார். “மாமா, மேல ஓடுங்க, கதவ ஒடைச்சாவது” என்றது மட்டும் புரிந்தது. நான் செருப்பில்லாமல் ஓடினேன். கதவை உடைக்க வேண்டிய அவசியம் இல்லை, திறந்துதான் இருந்தது. அண்ணன் வெந்நீர் வாளியில் காலை வைத்துக்கொண்டு வேர்க்கடலை உடைத்துத் தின்றுகொண்டிருந்தார். “வாங்க தம்பி, தோத்துட்டேன்” என்றார். போனை எடுத்துப் பார்த்தால், சத்தத்தை அணைத்து வைத்த போனில் அழைப்புகள் குவிந்து கிடக்கின்றன. நான் மூச்சு வாங்கி முடிப்பதற்குள் அவர் மனைவி காய்கறிப் பையோடு படியேறி வந்தார். போனில் மகள், “அம்மா எப்படிப்பா போனாங்க?” என்று கதறுகிறாள். மனைவி பையை இறக்கிவைத்துவிட்டு, “நான் எங்கடி போனேன்? கடைக்குத்தான போனேன்!” என்றார்.

எல்லோரும் சிரித்தோம். சிரித்து முடிந்த இடத்தில் விஷயமும் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. என் வயிற்றெரிச்சல் அங்கேதான் தொடங்குகிறது.

அன்றிரவு சாப்பாட்டுக்குப் பிறகு மகன், “ஒரு நிமிஷம் குடுங்கப்பா” என்று போனை வாங்கினார். பேத்தியின் போனில் போட்டிருக்கும் அதே பூட்டை அதில் போட்டுக் கொடுத்தார். குழந்தைகள் கண்டதையும் பார்த்துக் கெட்டுப்போகாமலிருக்கப் போடுகிற பூட்டு. தினமும் சிறிது நேரம்தான் திறக்கும். அதிலும் மகன், மகள், மருமகள், டாக்டர் ஆகியோரிடம் மட்டும் பேசலாம். மற்றவர்கள் எல்லாம் ‘தெரியாத ஆட்கள்.’ தொட்டால் ஒரு பொம்மைக் கரடி வந்து உதட்டில் விரலை வைத்து நிற்கும். அதன் காலடியில் எழுத்து: “இதைத் திறக்க வீட்டில் பெரியவர் ஒருவரின் அனுமதி தேவை.”

மறுநாள் காலை அண்ணன் அந்தப் போனைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினார். “தம்பி, இதக் கொஞ்சம் சத்தமாப் படிங்க.” படித்தேன். “இன்னொரு தடவ.” படித்தேன். “இந்த வீட்டுல பெரியவன் யாருங்க? எங்க அப்பா செத்து எத்தன காலமாச்சு! நான் யார்கிட்டப் போய் அனுமதி கேக்கறது?” அவர் குரலை உயர்த்தவில்லை. கடைசி வரிசைக்குக் கேட்கிற குரல் அன்று என் வாசல்படியைத் தாண்டவில்லை.

பயம் எனக்குப் புரிகிறது. அந்த மகன் நல்ல பிள்ளை. அப்பாவுக்குத் தலைவலி என்றால் தனக்குக் காய்ச்சல் வருகிற ரகம். ஆனால் பயந்தவன் தன் பயத்துக்கு மருந்து தேடாமல் அப்பன் வாயில் பூட்டைப் போட்டால் அதற்குப் பெயர் பாசமா? “உங்க நல்லதுக்குத்தாம்பா” என்ற ஒரு வாக்கியம் இருக்கிறதே, அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நம் வீடுகளில் அதைச் சொல்லித்தான் வயதானவர்கள் கையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்குகிறோம். முதலில் சைக்கிள், அப்புறம் சமையலறை, அப்புறம் வங்கிப் புத்தகம். இப்போது சிநேகிதர்களையும் பிடுங்கிக்கொள்கிறோம். மேடை கிடைத்தால் மட்டும் முதியோர் நமது செல்வம் என்று முழங்குகிறோம். செல்வம் என்பதால்தான் பூட்டி வைக்கிறோம் போலிருக்கிறது!

என் போனிலிருந்து தையல்காரரைக் கூப்பிட்டுத் தருவதாகச் சொன்னேன். மறுத்தார். “டிக்கெட் இல்லாம ஏறச் சொல்றீங்களா? பேசினா என்னன்னு சொல்றது? ‘என் புள்ள விடல’ன்னா? அத என் வாயால சொல்லணுமா?” மனைவியின் போனையும் தொடவில்லை.

நாலு மணிக்கு நர்ஸ் அம்மா பொது அறையில் தனியாக உட்கார்ந்து பார்த்துவிட்டு, மேலே ஏறி வந்து விசாரித்தார். பூட்டைப் பார்த்தார். அவருக்கு வந்த கோபத்தில் வார்த்தை தடிப்பாக வந்தது. அதை இங்கே எழுத முடியாது. அவர் செய்த ஒரே தவறு, எல்லாவற்றையும் தையல்காரரிடம் உள்ளது உள்ளபடி சொன்னதுதான். ‘தெரியாத ஆட்கள்’ என்ற சொல்லையும் சேர்த்துச் சொல்லிவிட்டார். அந்த மகன் பள்ளிக்கூடம் போக முதல் கால்சட்டை தைத்துக் கொடுத்தவர் அந்த மனிதர். “சரிதாம்மா. தெரியாத ஆளு எதுக்கு அடுத்தவங்க வீட்டு விவகாரத்துல? நானும் கொஞ்ச நாள் வரல” என்று இணைப்பைத் துண்டித்தாராம். மறுநாள் நர்ஸ் அம்மா கூப்பிட்டபோது எடுக்கவில்லை. அதற்கடுத்த நாளும் எடுக்கவில்லை.

இதைக் கேட்ட அன்று அண்ணன் மகனிடம் நேராகவே கேட்டார். ஜன்னல்கள் திறந்திருந்தன, கீழே எனக்கு ஒவ்வொரு சொல்லும் விழுந்தது.

“அந்தப் பூட்ட எடுத்துரு.”

“அன்னிக்கு எனக்கு உயிரே போச்சுப்பா. உங்களுக்கு அது புரியல.”

“புரியுது. தப்பு என்னோடது. அதுக்கு என்னத் திட்டு, வாங்கிக்கறேன். அவன் மனசு நொந்து கெடக்கறான். நான் அவன்கிட்டப் பேசணும்.”

“கொஞ்ச நாள் போகட்டும், பாக்கலாம்பா.”

“கொஞ்ச நாளா? எங்க வயசுல அது எங்கடா கெடைக்குது?”

நாற்காலி நகர்கிற சத்தம் மட்டும் கேட்டது.

காலையில் பேரப்பிள்ளைகள் இருவரையும் பள்ளியிலும், மகனை ரயில் நிலையத்திலும் இறக்கிவிட்டு வருவது அண்ணன்தான். மகனுக்கும் ஓட்டத் தெரியும். ஆனால் நிலையத்தில் காரை நிறுத்த இடம் கிடைக்காது. யாராவது திருப்பிக் கொண்டுவர வேண்டும். மறுநாள் நான் வாசலில் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். கார் நின்றிருந்தது. ஓட்டுநர் இருக்கை காலி. பின் இருக்கையில் பேரனுக்கும் பேத்திக்கும் நடுவே அண்ணன், பெல்ட்டை மாட்டிக்கொண்டு, இரண்டு கையையும் முழங்காலில் வைத்தபடி நேரே பார்த்து உட்கார்ந்திருந்தார்.

மகன் ஓடி வந்தார். “என்னப்பா பின்னாடி? நேரமாச்சு, முன்னாடி வாங்க.”

“பெரியவங்க யாராவது வந்து எடுக்கட்டும்.”

“வெளையாடாதீங்கப்பா.”

“வெளையாட்டத்தான் நீ பூட்டிட்டியே.”

பேரன் களுக்கென்று சிரித்தான். அண்ணன் சிரிக்கவில்லை. “ரெண்டு புள்ளைங்க உயிர என் கையில குடுக்கற, அப்ப நான் பெரியவன். என் சிநேகிதன்கிட்ட ஒரு வார்த்தை பேச நான் சின்னப் பையனா? ரெண்டுல ஒண்ணு சொல்லு. அதுக்குத் தக்கன உக்காந்துக்கறேன்.”

மேலே பால்கனியில் அவர் மனைவி ஒரு காதிலிருந்து கருவியைக் கழற்றினார். கழற்றியதே போதுமானதாக இருந்தது. மகன் மேலே பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் ஏற்கெனவே நிரம்பி வழிகிற தொட்டிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு ஜன்னல் வழியாகக் கார்ச்சாவியை உள்ளே நீட்டினார். அண்ணன் அதை வாங்கவில்லை. சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, திரையைச் சட்டை நுனியில் துடைத்து, சாவியின் மேலேயே மகனுடைய உள்ளங்கையில் வைத்தார்.

மகன் சாவியைக் காரின் கூரைமேல் வைத்துவிட்டு, பூட்டின் ரகசிய எண்ணை அழுத்தக் கட்டைவிரலைத் தூக்கினார். பேத்தி எட்டிப் பார்த்தாள். அண்ணன் அவள் கண்களைத் தன் உள்ளங்கையால் மூடினார். தன் முகத்தையும் மறுபக்கமாகத் திருப்பிக்கொண்டார்.